வாடைக்கு ஒன்று, சோளகத்துக்கு ஒன்று: யாழ்ப்பாணத்திலிருந்து எந்த நீர்வீழ்ச்சிக்குப் போகலாம்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நீர்வீழ்ச்சி கிடையாது. விழுவதற்கு மலையும் இல்லை, ஓடுவதற்கு ஆறும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடிக் காட்டும். தொண்டைமானாறு பெயரில்தான் ஆறு, பார்த்தால் கடல்நீரேரி. பெய்கிற மழையைச் சுண்ணக்கல் குடித்துவிட்டுக் கிணறுகளிலும் நிலாவரை, கீரிமலை ஊற்றுகளிலும் திருப்பித் தருகிறது. நீர்வீழ்ச்சி பார்ப்பதென்றால் ஏ9 வீதியால் தெற்கே இறங்கவேண்டியதுதான்.

இணையத்தில் கிடைக்கிற பட்டியல்கள் அநேகமாகக் கொழும்பிலிருந்து வெளிக்கிடுகிறவருக்கோ எல்லவில் வந்து தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கோ எழுதப்பட்டவை. உயரத்தை வைத்து வரிசைப்படுத்திவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். எங்களுக்கு உயரம் மூன்றாவது கேள்வி. இரவு பஸ்ஸில் போய், ஒரு பகல் நடந்து, மறுபடி இரவு பஸ்ஸில் திரும்பலாமா என்பது முதற்கேள்வி. எந்த மாதம் என்பது இரண்டாவது.

மாதத்தை முதலில் பார்ப்போம், ஏமாற்றம் பெரும்பாலும் அதிலேதான் வருகிறது. மலையகத்துக்கு இரண்டு முகம். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பெயர்ந்தால், அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, மழை மேற்குச் சரிவில் கொட்டும். ரம்பொடை, தலவாக்கலை, அட்டன் பக்கம் நீர் நிறையும். அதே நேரம் பதுளைப் பக்கமும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கமும் காய்ந்து கிடக்கும். வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, வந்தால் நிலைமை தலைகீழ். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்குவது ஓகஸ்டில். திருவிழா முடியமுன்னரே வீட்டில் யாராவது மலையகத்துக்கு வாடகை வான் பேசுவார்கள், கேட்பது பதுளைப் பக்கத்துத் தியலும நீர்வீழ்ச்சியை. ஓகஸ்டில் தியலுமவின் முகப்பு கறுத்த பாறையும் அதில் ஒரு வெள்ளை நூலும்தான். அந்த மாதத்துக்கு ரம்பொடையே சரி. பதுளைப் பக்கமும் மாத்தளைப் பக்கமும் போக, வாடை ஓய்ந்துவரும் தைக்குப் பிறகு பங்குனி வரைக்கும் உள்ள காலம் நல்லது. தண்ணீர் இன்னும் இருக்கும், பாறை அவ்வளவு வழுக்காது. டிசம்பர் விடுமுறையில் நீர்வீழ்ச்சிகள் உச்சத்தில் நிற்கும், மண்சரிவும் அப்போதுதான்.

இனி முக்கியமான போட்டி. என் கணக்கில் அது செர எல்லவுக்கும் மேல் தியலுமவுக்கும் இடையிலானது.

செர எல்ல மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அங்காலப் பக்கம் இருக்கிறது. இதற்குள்ள பெரிய பலம் அழகைவிட வழி. ஏ9 வீதி யாழ்ப்பாணத்தில் தொடங்கிக் கண்டியில் முடிகிறது, மொத்தம் 321 கிலோமீற்றர். மாத்தளை அதே வீதியில், கண்டிக்கு முன்னாலேயே வந்துவிடும். கண்டிக்குப் போகும் இரவு பஸ்ஸில் ஏறி, விடியப்புறம் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலடியில் இறங்கினால் பஸ் மாறும் வேலையே இல்லை. அங்கே முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, ஒரு வான் பேசிக்கொண்டு ரத்தோட்டை வழியாக ஏறலாம். உள்ளூர் பஸ்ஸை நம்பினால் நாள் அதிலேயே கரைந்துவிடும். ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் வான் கூலி பெரிதாகத் தெரியாது.

அந்த வீதியே பாதிப் பயணம். ரிவஸ்டன் கணவாயில் காற்று ஆளைத் தள்ளும். ஒலிபரப்புக் கோபுரம் வரை நடந்து ஏறலாம். தாண்டினால் பிட்டவல பத்தன என்ற புல்வெளி, அதன் விளிம்பில் ‘சின்ன உலக முடிவு’ என்று சொல்லப்படும் செங்குத்துச் சரிவு. பிறகு இலுக்கும்புர, அதற்கும் அப்பால் செர எல்ல. நீர்வீழ்ச்சியை நோக்கிப் படிகள் இறங்குகின்றன. உயரம் என்று பார்த்தால் இது நாட்டிலேயே உயரமான பம்பரகந்தவின் காலடிக்கும் வராது. ஆனால் தண்ணீர்த் திரைக்குப் பின்னால் குகைபோல ஒரு பாறை இடுக்கு இருக்கிறது. அதற்குள் நின்று, விழுகிற நீரை உள்ளிருந்து வெளியே பார்க்கலாம். இந்த வேலை தியலுமவில் நடக்காது. மழை பலத்து நீர் பெருகியிருந்தால் இங்கேயும் நடக்காது, அப்போது உள்ளே போக முயலவே கூடாது. நடைகள் எல்லாம் துண்டு துண்டானவை: கோபுரத்துக்கு ஒன்று, புல்வெளியில் ஒன்று, படியிறக்கம் ஒன்று. ஒரே நீளமான மலைநடையை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது குறையாகத் தெரியலாம். ஈரக் காட்டுத் துண்டுகளில் அட்டை ஏறும். காலுறைக்கு மேலால் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போவது நல்லது.

தியலும வேறு சாதி. 220 மீற்றர், நாட்டில் இரண்டாவது உயரம். கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் இடையில் வீதியோரத்திலேயே நிமிர்ந்து பார்க்கலாம். பலர் அங்கேயே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்வது மேலே, நீர் விழுவதற்கு முன்னர் படிப்படியாகத் தேங்கும் குளங்களுக்குப் போகும் நடையை. பூனாகலைப் பக்கத்தால் வந்து மகல்தெனியவிலிருந்து மானாப்புல்லுக்குள்ளால் இறங்கினால் முக்கால் மணித்தியாலத்துக்குள் குளங்கள் வந்துவிடும். கீழிருந்து ஏறும் வழியும் உண்டு. அது செங்குத்து, வெயிலில் மூச்சு வாங்கும். குளங்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சிறிய சிறிய நீர்வீழ்ச்சிகளாக இறங்கி, கடைசிக் குளத்துக்கு அப்பால் நிலமே இல்லை. நேர் கீழே வெல்லவாயச் சமவெளி மங்கலாகத் தெரியும். தட்டை நிலத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்த விளிம்பு தருகிற உணர்வை வேறெந்த நீர்வீழ்ச்சியும் தராது. இதற்காக மட்டுமே நான் தியலுமவை அழகில் முதலாவதாக வைப்பேன்.

மொழியும் ஒரு வசதி. பூனாகலை, கொஸ்லந்தை எல்லாம் தோட்டத் தமிழர் வாழும் இடங்கள். வழி கேட்கலாம், வானிலை கேட்கலாம், “அங்கிட்டுப் போகாதீங்க தம்பி, வழுக்கும்” என்று அவர்கள் சொன்னால் விளங்கும். செர எல்லவைச் சுற்றியிருப்பவை சிங்களக் கிராமங்கள். சிங்களம் ஓடாதவர் வான்காரரை நம்பவேண்டும். இன்னொன்றையும் சொல்லாமல் கொஸ்லந்தையைக் கடக்கமுடியாது. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன் குடியிருப்புகளை மண் மூடியது இங்கேதான். தியலுமவுக்குப் போகும் வீதி அந்த மலையடிவாரத்தால்தான் போகிறது.

தியலும தோற்பது தூரத்தில். கண்டியில் விடியற்காலை இறங்கினாலும் பண்டாரவளைக்குப் போய்ச்சேரவே அரை நாள் போய்விடும். அடுத்த நாள்தான் நடை. யாழ்தேவியில் போய்ப் பொல்காவலையில் பதுளை ரயிலுக்கு மாறுவது காட்சிக்கு நல்லது, நேரத்துக்கு அல்ல. ஆகவே ஒரு பகல்தான் கையில் இருந்தால் செர எல்ல. பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ ஓர் இரவு தங்க வசதியிருந்தால் யோசிக்காமல் தியலும.

அப்படித் தங்குகிறவர்கள் பம்பரகந்தவையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். 263 மீற்றர், நாட்டிலேயே உயரம். ஹல்துமுல்லைக்கும் பெலிஹுல்ஓயாவுக்கும் இடையில் களுப்பஹனையில் பிரியும் சிறுவீதியில் ஐந்து கிலோமீற்றரளவு. வாகனம் நிற்கும் இடத்திலிருந்து நடை மிகக் குறைவு, பைன் மரங்களுக்கிடையில் ஒரு ஏற்றம், அவ்வளவுதான். நீர் நிறைந்திருக்கும்போது கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கவைக்கும், காய்ந்த மாதத்தில் காற்று அடித்தால் பாதி வழியிலேயே தூவானமாகிக் கலைந்துவிடும். இதை நடையாக ஆக்கவேண்டுமென்றால் ஒஹிய ரயில் நிலையத்தில் இறங்கி, உடவேரியத் தோட்டம் தாண்டி, ‘பேய்ப் படிக்கட்டு’ எனப்படும் வளைவுகளால் இறங்கி வரவேண்டும். முழு நாள் வேலை, முழங்கால் சரியாக உள்ளவருக்கு மட்டும்.

ஹோட்டன் சமவெளியின் பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ஏறக்குறைய 20 மீற்றர் உயரம். தடுப்புக்கு வெளியே நின்று பார்க்கலாம், குளிக்கத் தடை. தனியே நீர்வீழ்ச்சி என்று பார்த்தால் பட்டியலில் கடைசி. நடையாகப் பார்த்தாலோ இதற்கு நிகரானது இலங்கையில் குறைவு: சுமார் ஒன்பது கிலோமீற்றர் வட்டப் பாதை, நடுவில் 800 மீற்றருக்கு மேல் கீழே இறங்கும் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துச் சரிவு, மான்கள், ஈரப் புல்வெளி. நுவரெலியாவில் தங்கி, காலை ஆறுமணிக்கு வாசல் திறக்கும்போது அங்கே நிற்கவேண்டும்; பத்து மணிக்குப் பிறகு உலக முடிவில் பெரும்பாலும் வெள்ளைப் பனிப்புகார்தான். வாசலில் பொலித்தீனைச் சோதித்துப் பறிப்பார்கள். விடியமுன் கட்டிய புட்டையும் சம்பலையும் லஞ்ச் சீற்றில் சுற்றிக் கொண்டுபோகாமல் ரிபன் கரியரில் போடுங்கள். நக்கிள்ஸும் ஹோட்டன் சமவெளியும் 2010இல் ஒன்றாகவே உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவை. கட்டுப்பாடு மட்டும் ஹோட்டனில்தான் இறுக்கம்.

ரம்பொடை, டெவன், சென் கிளயர் மூன்றும் வீதியிலிருந்தே பார்க்கக்கூடியவை. வானை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகலாம். சென் கிளயரின் நீர் 2012இல் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்துக்குத் திருப்பப்பட்டது. பார்வைக்காகப் பகலில் ஓரளவு விடுகிறார்கள். எல்லவின் இராவணன் நீர்வீழ்ச்சியும் வீதியோரம்தான், கூட்டமும் அதிகம்.

அம்மம்மாவையும் சின்னப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடக்கத்தான் வேண்டுமென்றால் துன்ஹிந்த. பதுளை நகரிலிருந்து ஐந்து கிலோமீற்றர், பிறகு ஒன்றரைக் கிலோமீற்றரளவு ஒழுங்கான பாதை, கடைசியில் படிகள். 64 மீற்றர் என்றாலும் நீர் விழும் வேகத்தில் எதிரே நிற்பவரின் உடுப்பு நனையும். வழியில் குந்தி இளைப்பாறலாம், இளநீர் குடிக்கலாம். குரங்குகளிடம் பையைக் கொடுத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிப்பதைப் பற்றி. நாங்கள் நீந்தப் பழகியது கசூரினா கடற்கரையின் இடுப்பளவுத் தண்ணீரிலும் கீரிமலைக் கேணியிலும். மலை நீர் குளிர், அடி தெரியாது, மேலே எங்கோ பெய்த மழை இங்கே வெயிலடிக்கும்போதே வந்து இறங்கும். தெளிவாக இருந்த நீர் திடீரென்று கலங்கினால் உடனே கரையேறவேண்டும். தியலுமக் குளங்களில் விளிம்புக்கு அடுத்த கடைசிக் குளத்தில் இறங்கவே வேண்டாம், மேலேயுள்ளவை போதும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மாத்தளை, கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களைப் பெயர்த்துப்போட்ட பிறகு பழைய வழிக்குறிப்புகளை அப்படியே நம்பக்கூடாது, மேலே நான் எழுதியவற்றையும் சேர்த்துத்தான். ரயில் ஓடுகிறதா என்று ஸ்ரேசனில் கேளுங்கள். பாதை திறந்திருக்கிறதா என்று தங்கப்போகும் இடத்துக்குத் தொலைபேசியில் கேளுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேசம் பிரதேசமாக வெளியிடுகிறது. நீங்கள் போகும் பக்கம் செம்மஞ்சளுக்கு வந்திருந்தால் வான்காரரோடு கதைத்து வேறு திகதி எடுங்கள்.