டிஃப்ட்வார்ஃபா, டிஃப்ஈகிளா? கோல்ஃப் புட்டிங் கிரீனுக்கு எந்தப் புல்?

கிரீன் என்பது பந்தைக் குழிக்குள் உருட்டும், ஒட்ட வெட்டிய புல்தரை. எங்கள் பயிற்சி கிரீனில் இந்த இரண்டு புல்லையும் பக்கத்துப் பக்கத்துப் பட்டையாக நட்டுப் பார்த்துவிட்டு, நாங்கள் டிஃப்ஈகிளைத்தான் எடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

இரண்டுமே கலப்பின பெர்முடா, அதாவது அருகம்புல் இனம். விதை பிடிக்காது, கொடித்துண்டு நட்டுத்தான் பரப்ப வேண்டும். டிஃப்ட்வார்ஃப், டிஃப்கிரீன் புல்லில் தானாகத் தோன்றிய குட்டை வகை, 1965-ல் வெளியானது. டிஃப்ஈகிளை அமெரிக்காவின் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் காமா கதிர்வீச்சால் உண்டாக்கி, 1990-களின் இறுதியில் வெளியிட்டார்கள். வெயிலை இரண்டும் தாங்கும்.

ஒப்பிடும்போது பலர் இரண்டுக்கும் ஒரே வெட்டு உயரம் வைக்கிறார்கள். அது நியாயமில்லை. 3.2 மில்லிமீட்டரில் டிஃப்ஈகிள் அடர்ந்து நிற்கும், டிஃப்ட்வார்ஃப் நாளடைவில் மெலிந்து இடைவெளியில் பாசி பிடிக்கும். 4.8-க்கு ஏற்றினால் டிஃப்ட்வார்ஃப் தேறிவிடும், டிஃப்ஈகிள் உப்பிக்கொள்ளும். அதனதன் உயரத்தில் வெட்டி, ஸ்டிம்ப்மீட்டரில் (பந்து உருண்டு ஓடும் தூரத்தை வைத்து கிரீனின் வேகத்தை அளக்கும் சாய்பட்டை) பந்தை இரு திசையிலும் உருட்டிச் சராசரி எடுங்கள். வேகத்தில் டிஃப்ஈகிள் முந்தும். பந்து துள்ளாமல் ஓடுவதும் அதில்தான்.

முதல் கோடையோடு சோதனையை முடித்துவிட்டால் இந்த வேகம் மட்டுமே கண்ணில் படும். உண்மையான வித்தியாசம் மண்ணுக்கு மேலே படியும் தாட்ச், அதாவது மக்காத தண்டும் கொடியும் சேர்ந்த அடுக்கு. டிஃப்ஈகிளின் அடர்த்தியே அதற்குக் காரணம்: தண்டும் கொடியும் மக்கும் வேகத்தைவிட உருவாகும் வேகம் அதிகம். அந்த அடுக்கு ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும். வேர் கீழே இறங்காமல் அதற்குள்ளேயே சுற்றும். மேற்பரப்பு மெத்தென்று ஆனதும் மோயர் (புல்வெட்டும் இயந்திரம்) அமிழ்ந்து புல்லை மொட்டையடிக்கும். பந்து விழுந்த குழி ஆழமாகும். இரண்டாம் ஆண்டில் இரு பட்டையிலும் கத்தியால் ஒரு துண்டு வெட்டி எடுத்து, பழுப்பு அடுக்கின் தடிமனை அருகருகே வைத்துப் பாருங்கள். எந்தப் புல் என்பதை அந்தத் துண்டை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருந்து, மணல்தான். வளரும் பருவம் முழுக்க ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெல்லிய டாப்டிரெஸ்ஸிங் (மேலாக மணல் தூவுவது), இடையிடையே லேசான வெர்டிகட் (செங்குத்துக் கத்திகளால் புல்லைக் கீறுவது). மொத்தமாக ஒரே நாளில் கொட்டினால் அடர்ந்த புல்லுக்குள் மணல் இறங்காமல் மேலேயே கிடந்து மோயரின் ரீல் பிளேடை மழுக்கிவிடும். காய்ந்த மணலைக் கொஞ்சமாகத் தூவி பிரஷ்ஷால் தேய்த்து இறக்க வேண்டும். நைட்ரஜனையும் கை அடக்கிப் போட வேண்டும். பச்சைக்காகக் கூடுதலாகப் போட்டால் அதுவும் தாட்சாகத்தான் வந்து சேரும்.

இந்த வேலையை விடாமல் செய்ய ஆளும் இயந்திரமும் இருந்தால் டிஃப்ஈகிள். அதுதான் என் நிபந்தனை. இல்லையென்றால் டிஃப்ட்வார்ஃப் மோசமில்லை: வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் ஒரு சுற்று மணல் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். பழைய கிரீன்களில் வேறு சாயலில் திட்டுத்திட்டாகப் புல் கிளம்புவது அதன் தொல்லை, அதைத் தோண்டி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் பட்டைகள் முழு வெயிலில் இருந்தவை. மர நிழல் விழும் கிரீனைப் பற்றி அழுத்திச் சொல்ல மாட்டேன். பெர்முடாவுக்கே நிழல் ஆகாது என்பதால், அங்கே புல்லை மாற்றும் முன் கிளைகளைக் கழித்துப் பார்க்கலாம்.