14-இல் டேப் ஒட்டிய லென்ஸ்

போன வாரம்தான் மதுரை சர்வீஸிலிருந்து லென்ஸைத் திரும்ப வாங்கி வந்தேன். ஜூம் ரிங் இறுகிப்போய், திருகினால் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். சர்வீஸில் இருந்த பையன் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சார், உள்ளே கோந்து இறங்கியிருக்கு. ரிங்மேல எதுக்கு டேப் ஒட்டினீங்க?" என்றான். சொன்னால் புரியாது என்று 2,300 ரூபாயை எடுத்து வைத்தேன்.

அன்று சாயங்காலமே தேவகோட்டைத் தம்பி ஒருத்தன் போன். "அண்ணே, உங்ககிட்ட இருக்கிற அதே 10-18 வைடு லென்ஸ் விலை இறங்கியிருக்கு. நம்ம ஊர் வீடுகள் எடுக்கலாம்னு பார்க்குறேன். வாங்கவா?" போனில் பதில் சொல்லத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். லென்ஸின் குணாதிசயங்கள் எல்லா இடத்திலும் கிடைக்கும். நான் சொல்லப்போவது அந்த டேப்பைப் பற்றி.

காரைக்குடியில் எனக்குக் கல்யாண வேலைதான் பிழைப்பு. வீடுகள் எடுப்பது அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட ஆசை. ஆறு வருடத்துக்கு முன் இதை வாங்கக் காரணம் வளவு, எங்கள் செட்டிநாட்டு வீடுகளின் உள்முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும். மதுரை மகாலில் படம் எடுக்க இவ்வளவு வைடு தேவையே இல்லை. 1636-இல் நாயக்கர் கட்டியபோது பின்னால் நடந்துபோக இடம் விட்டே கட்டியிருக்கிறார். முற்றத்தில் பத்தடி தள்ளி நின்றால் சாதாரண லென்ஸே போதும். நம் வளவில் அந்தச் சௌகரியம் கிடையாது. நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றி வரிசையாகத் தூண், தூணுக்குப் பின்னால் ஒடுக்கமான நடை, அதற்கும் பின்னால் அறைகள். பிள்ளைக்கு ஓர் அறை என்று கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் கொடுத்த அறைகள், அநேகமாக எல்லாம் பூட்டு. பின்னால் இரண்டு எட்டு வைத்தால் முதுகு கதவில் இடிக்கும். அங்கே நின்று நாலு பக்கத் தூணையும் மேலே ஒரு துண்டு வானத்தையும் ஒரே படத்தில் அடக்க வேண்டுமென்றால் 10 மில்லிமீட்டர் வேண்டும்; ரிங்கில் எண் குறையக் குறைய அகலமாகப் பிடிக்கும். சின்ன சென்சார் உள்ள என் கிராப் பாடி கேமராவில் அது பக்கவாட்டில் 96 பாகையை அள்ளிக்கொண்டு வரும்.

முதல் நாள் கோனாபட்டில் ஒரு வீட்டில் இதை மாட்டி வியூஃபைண்டரில் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன். இடது ஓரத்துத் தூண், வலது ஓரத்துத் தூண், எதிரே இரண்டாம் கட்டுக்குப் போகும் நிலை, தரையில் தண்ணீர் போகும் கல் தாரை, எல்லாம் உள்ளே.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அந்தப் படத்தைப் பார்த்த வீட்டுக்கார ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். "இது எந்தூர் மண்டபம், தம்பி?" என்று கேட்டார்கள். எழுபது வருடமாக அந்த வளவிலேயே வற்றல் காயப்போட்டவர்கள். எதிர்நிலையைப் பாருங்கள். பர்மாத் தேக்கு, நடுவே கஜலட்சுமி, ஒரு ஆள் கை விரித்தாலும் எட்டாத அகலம். 10-இல் அது தீப்பெட்டி. முன்னால் நிற்கும் தூண் மட்டும் தேர் மாதிரி. நடுவே இருக்கும் முற்றம் மூன்று மடங்கு நீண்டு கிடக்கிறது.

நிற்கிற தூரம்தான் அதற்குக் காரணம், லென்ஸ் அல்ல என்று யாராவது சொல்ல வருவீர்கள். தெரியும் ஐயா. அங்கே நின்றால் கண்ணுக்கும் அதே கோணம்தான். ஆனால் 10 கையில் இருப்பதால்தான் தூணை ஒட்டிப் போய் நிற்கிறோம். கண் அந்த மூலையிலிருந்து இந்த மூலைவரை நடந்து பார்ப்பதை, இது ஒரே வாயில் விழுங்கிக் காட்டுகிறது. ஓரத்தில் ஆள் நின்றால் கேட்கவே வேண்டாம். ஒரு அண்ணாமலைச் செட்டியாரை ஓரத்தில் நிறுத்தினால் இரண்டு பேர் அகலத்தில் வருவார்.

இதோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். ஒரு வீட்டின் பங்காளிகள் ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட என்னிடம் படம் கேட்டார்கள். நானும் பெருமையாக 10-இல் எடுத்துக் கொடுத்தேன். சென்னையிலிருந்து ஆள்கள் வந்தார்கள், கூடவே கிரேன் ஏற்றிய வண்டி. வளவுக்குள் கால் வைத்ததும் அந்த மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. "வளவு இவ்வளவுதானா?" கிரேன் கையை விரிக்க இடமில்லை. வண்டி வந்த வழியே போனது. மூத்த பங்காளி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காபி மட்டும் கொடுத்து அனுப்பினார். அன்று ராத்திரிதான் ரிங்கை 14-இல் வைத்து டேப்பைச் சுற்றினேன்.

14 என்றால் 77 பாகை. ஒரு பக்கத்துத் தூண் வரிசை போய்விடும். போகட்டும். எதிர்நிலை நிலையாகத் தெரியும், முற்றம் முற்றமாக இருக்கும். ஆச்சிகள் "நம்ம வீடு" என்கிறார்கள்.

நியாயமாகவும் பேச வேண்டும். இதில் இருக்கும், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் போல உதவிய இன்னொன்று என் பையில் கிடையாது. பாதி வீடுகளில் ட்ரைபாட் என்றாலே முகம் மாறும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தலைமுறை தலைமுறையாக நடந்து நடந்து ஏறிய பளபளப்பு. அதில் கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது? ரப்பர் கால் போட்டிருக்கிறேன் என்றாலும் கேட்கமாட்டார்கள். கேட்கவும் வேண்டாம். பட்டாலை இருட்டில் கதவில் தோள் சாய்த்து, மூச்சைப் பிடித்து, கால் செகண்ட் வரை கையிலேயே எடுத்திருக்கிறேன். மூன்றில் ஒன்று ஊசிமுனை போல் வரும். கேமராவை மட்டமாகப் பிடிக்க வேண்டும். ஒரு நூல் மேலே சாய்த்தாலும் தூண்கள் கும்பிடு போடும். எடையும் கால் கிலோதான், கழுத்து வலிக்காது. முற்றத்து வானத்தை நேராகப் பார்த்தாலும் படம் வெளுத்துப் போவதில்லை.

வெளிச்சம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், தம்பி கேட்கவில்லை என்றாலும். உச்சி வெயிலில் போகாதே. முற்றம் சுண்ணாம்பாக வெளுக்கும், நடை கரியாக இருக்கும். வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீளும், ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல், எல்லா நிலையும் ஒரே கோட்டில். கிழக்கு பார்த்த வீட்டில் காலை ஏழு மணிக்கு முகப்புக் கதவைத் திறக்கச் சொல்லிவிட்டு வளவில் நின்று பார். வெயில் தரையோடு தரையாக உள்ளே வரும். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த சுவர் அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். அந்த அரை மணிக்கு எந்த லென்ஸும் நல்ல லென்ஸ்தான்.

2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் நம் ஊர்கள் ஏறியதிலிருந்து கேமராவோடு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அவர்கள் எடுக்கும் படங்களில் எல்லா வளவும் ஒரே மாதிரி, ரயில்வே ஸ்டேஷன் மாதிரி. எனக்கு எரிச்சல் அங்கேதான். போன மாசம் எடுத்த வீட்டில் அடுத்த மாசம் தூண் இருக்குமா என்று உறுதி இல்லை; முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் நிலை, கதவு, தூண் எல்லாம் சாத்தி வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். பிரித்த பிறகு மிஞ்சுவது படம் மட்டும்தான். அதிலும் வளவை மண்டபமாகக் காட்டினால் நாளைக்கு அந்த வீட்டுப் பிள்ளை எதைப் பார்த்து இது எங்கள் வீடு என்பான்?

ஆகவே தம்பி, வாங்காதே. 10-ஐ வைத்துக்கொண்டு சும்மா இருக்க உன்னால் முடியாது, என்னாலேயே முடியவில்லை. 16-இல் தொடங்கும் பழைய லென்ஸ் ஏதாவது செகண்ட்ஹேண்டில் பார். அடுத்து நீ கேட்டாயே, "அப்போ உங்களோடதை எனக்குத் தந்துடுங்கண்ணே" என்று. அதற்குத்தான் போனை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூரில் ஒரு வீடு இருக்கிறது, சாவியோடு ஆறு மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள்.

டேப் இனிமேல் கிடையாது. இரண்டு ரப்பர் பேண்டை 14-க்கு நேரே மாட்டியிருக்கிறேன். நழுவுகிறது.