மஞ்சள் வயரும் மணக்குடிப் பாலமும்: 20 வருட விசிடி அனுபவம்

எங்கள் வீட்டு விசிடி (வீடியோ சிடி) பிளேயரை 2003-ல் நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில் வாங்கினேன். அண்ணன் கல்யாணம் அதற்கு முந்தின வருடம். கேசட்டில் எடுத்த வீடியோவை ஸ்டுடியோக்காரர் மூன்று டிஸ்க்காக மாற்றிக் கொடுத்திருந்தார். "கேசட் பூத்துப்போவும், சிடி எத்தனை வருசமானாலும் அப்படியே இருக்கும்" என்றார். முதல் பாதி உண்மை. ரெண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, பீரோவுக்குள் வைத்த தோல் செருப்பே வெள்ளை பூக்கும். இரண்டாம் பாதியின் லட்சணத்தைப் பிறகு சொல்கிறேன்.

விசிடி என்றால் தரம் குறைந்த டிவிடி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது பாட்டு சிடிக்குள் படத்தைத் திணித்த வித்தை. பிலிப்ஸ், சோனி, மட்சுஷிதா, ஜேவிசி நான்கும் சேர்ந்து 1993-ல் வரையறுத்தது. பாட்டு சிடி சுழலும் அதே வேகத்தில்தான் இதுவும் சுழல வேண்டும். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு என்ன கிடைக்குமோ அதற்குள் படமும் சத்தமும் அடங்க வேண்டும். அதனால் படத்துக்கு 1150 கிலோபிட், சத்தத்துக்கு 224 கிலோபிட் என்று பங்கு பிரித்தார்கள். பாட்டு சிடியும் 74 நிமிடம், விசிடியும் 74 நிமிடம் என்பதன் ரகசியம் இதுதான். வாடகைக்கு எடுத்த சினிமா எல்லாம் ரெண்டு டிஸ்க், மூன்று டிஸ்க்காக வந்ததும், சண்டைக்காட்சி நடுவில் யாராவது எழுந்துபோய் டிஸ்க் மாற்ற வேண்டியிருந்ததும் இதனால்தான்.

படத்தின் அளவு பால் (PAL) என்கிற நம் நாட்டு டிவி முறையில் 352க்கு 288 புள்ளி. டிவிடியில் 720க்கு 576. அதாவது நான்கில் ஒரு பங்கு. பழைய 21 இஞ்ச் குழாய் டிவியில் இது உறுத்தவே இல்லை, அந்தத் திரையே எல்லாவற்றையும் கொஞ்சம் மழுப்பிவிடும். 43 இஞ்ச் எல்இடியில் போட்டபோதுதான் அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, இதென்ன மூஞ்சி எல்லாம் கட்டம் கட்டமா வருது?" போதாததற்கு டிவி படத்தை அகலமாக இழுத்துவிட்டதால் ஒல்லியான எங்கள் அண்ணன் மாப்பிள்ளைக் கோலத்தில் பயில்வான் மாதிரி இருந்தான். செட்டிங்கில் படத்தின் வடிவத்தை 4:3 என்று மாற்றி, இரண்டு ஓரமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். ஷார்ப்னஸையும் குறைத்து வையுங்கள். கூட்டினால் கட்டங்கள்தான் கூர்மையாகும்.

இணைப்பில் ஒரு வம்பு உண்டு. புது டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகள் மூன்றும் இல்லை, ஹெட்ஃபோன் ஓட்டை மாதிரி ஒன்றே ஒன்றுதான். அதற்கென்று ஒரு வயர் கிடைக்கும். ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை எல்லா வயருக்கும் ஒன்றல்ல. நான் முதலில் வாங்கியதில் படம் வராமல் உறுமல் மட்டும் வந்தது. கடையில் திட்டு வாங்கி மாற்றினேன்.

கல்ஃபிலிருந்து மாமா கொண்டுவந்த கரோக்கே டிஸ்க் ஒன்று பழைய டிவியில் கறுப்பு வெள்ளையில்தான் ஓடியது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று மூலையில் போட்டிருந்தோம். பிறகு பார்த்தால் அது அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து டிவி முறையான என்டிஎஸ்சி (NTSC) டிஸ்க், டிவிக்கு பால் மட்டும்தான் தெரியும். ரிமோட்டில் அதுவரை ஒருவரும் தொடாத பி/என் பொத்தானை அழுத்தியதும் கலர் வந்தது. பாடகர் குரல் ஒரு பக்கம், இசை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருப்பார்கள், எல்/ஆர் பொத்தானில் குரலை அணைத்துவிட்டு மாமா பாடுவார். அணைக்காமலே பாடியிருக்கலாம். டிவிடிபோல இந்த நாட்டு டிஸ்க் இந்த நாட்டில்தான் ஓடும் என்கிற பூட்டு விசிடிக்குக் கிடையாது என்பதால், எங்கிருந்து வந்த டிஸ்க்கும் நம் வீட்டில் ஓடும்.

பிளேயர் இரண்டு முறை படுத்தது. முதல் முறை ஒக்கிப் புயலுக்குப் பிறகு. 2017 நவம்பர் 30-ல் அடித்த புயலில் போன கரண்ட் பல நாள் வரவில்லை. வந்தபிறகு பொத்தானை அழுத்தினால் தட்டு 'கிர்' என்று முனகியது, வெளியே வரவில்லை. திறந்து பார்த்தால் மோட்டாரையும் தட்டையும் இணைக்கும் சின்ன ரப்பர் பெல்ட் தொளதொளத்துக் கிடந்தது. வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்தேன். இறுகி, இரண்டு மாதம் ஓடியது. அப்புறம் புது பெல்ட் போட்டேன். அடுத்த முறை டிஸ்க் போட்டால் 'நோ டிஸ்க்' என்றது. லென்ஸில் உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்த படலம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட காதுப் பஞ்சால் அழுத்தாமல் ஒரு சுற்று துடைத்தேன், சரியாகிவிட்டது.

இனி டிஸ்க். கல்யாண வீடியோ மாதிரி ஸ்டுடியோவில் எழுதித் தருவதெல்லாம் சிடி-ஆர். அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ இருக்கும். கடையில் விற்ற சினிமா டிஸ்க் அச்சடித்தது, வெள்ளியாக மின்னும். நாம் எல்லோரும் அடிப்பக்கத்துக்குக் கீறல் படாமல் காப்பாற்றுவோம். ஆனால் சிடியில் தகவல் படலம் இருப்பது மேலே, லேபிளுக்கு நேர் கீழே. அடியில் இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் கனமான பிளாஸ்டிக், அதில் லேசான கீறல் பட்டாலும் லேசர் ஒளி பெரும்பாலும் அதைத் தாண்டிப் படித்துவிடும். மேலே பட்டால் போனது போனதுதான். எங்கள் டிஸ்க்கில் ஸ்டுடியோக்காரர் மணமக்கள் படம் போட்ட பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். ஈரத்தில் அது ஓரம் உப்பி எழும்பியிருந்தது. ஒன்றை உரித்துப் பார்த்தேன். பேப்பரோடு வெள்ளிப் படலமும் ஒரு நகக்கண் அளவு வந்துவிட்டது. அந்த இடத்தில் வெளிச்சத்தில் பிடித்தால் ஜன்னல் தெரிகிறது. தயவுசெய்து உரிக்காதீர்கள்.

அந்தக் காயம்பட்ட டிஸ்க்கும் நிற்காமல் ஓடுகிறது என்பதுதான் விசிடியிடம் எனக்குப் பிடித்த குணம். கம்ப்யூட்டர் சிடியில் ஒவ்வொரு துண்டிலும் 2048 பைட் நம் சரக்கு, மீதியில் ஒரு பகுதி பிழைதிருத்தக் காவல். விசிடியில் அந்தக் காவலைக் குறைத்து 2324 பைட் வரை படத்தையே நிரப்பினார்கள். அதனால்தான் 650 எம்பி டிஸ்க்குக்குள் 740 எம்பி ஃபைல் இருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டும், பயப்பட வேண்டாம். கெட்ட இடம் வந்தால் நாலு கட்டம் சிதறும், ஒரு சத்தம் கிறீச்சிடும், பிளேயர் தாண்டிப் போய்விடும்.

கம்ப்யூட்டரில் எடுக்க எம்பெகாவ் (MPEGAV) ஃபோல்டருக்குள் போங்கள். ஏவிசெக்01.டாட் (AVSEQ01.DAT) என்றிருக்கும், சில பழைய டிஸ்க்கில் மியூசிக்01 (MUSIC01). விஎல்சி பிளேயரில் நேரடியாக ஓடும். விண்டோஸில் அப்படியே காப்பி செய்து பெயரின் கடைசியில் உள்ள DAT-ஐ MPG என்று மாற்றினால் பல பிளேயர்கள் ஏற்றுக்கொள்ளும். பென் டிரைவில் டிவிக்கு வேண்டுமானால் ஹேண்ட்பிரேக் என்கிற இலவச மென்பொருளில் எம்பி4 ஆக்கிவிடுங்கள். பெரிதாக்கிப் பளபளப்பாக்குகிறேன் என்று 1080-க்கு ஏற்றாதீர்கள், ஃபைல்தான் வீங்கும்.

ரெண்டு டிஸ்க் இப்படி அரைமணியில் வந்துவிட்டது. முதல் டிஸ்க் 61-ம் நிமிடத்தில் மாட்டிக்கொண்டது. சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது, ஆகவே கடைசி நிமிடங்கள் வெளியோரத்தில், ஸ்டிக்கர் உப்பிய இடத்தில். கம்ப்யூட்டர் டிரைவ் அதைப் பேய்வேகத்தில் சுழற்ற, டிஸ்க் தள்ளாடி, கடைசியில் பிழை என்று துப்பிவிட்டது. பழைய பிளேயர் நிதானமாகச் சுற்றி அதே இடத்தைப் படித்தது. பிளேயரிலிருந்து படம் வரும் அந்த மஞ்சள் வயரை ஒரு யூஎஸ்பி கேப்சர் குச்சியில் செருகி, படம் ஓட ஓட லேப்டாப்பில் பதிந்தேன். பிளேயரை ஆக்கருக்கு (பழைய சாமான் கடைக்கு) போடாமல் வைத்திருந்ததற்கு இந்த 13 நிமிடம் போதும்.

அந்த 13 நிமிடத்தில்தான் பெண்ணழைத்து வரும் கார் மணக்குடிப் பாலத்தைத் தாண்டுகிறது. பழையாறு கடலில் சேருகிற இடத்தில், மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவே இருந்த பழைய பாலம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அது அடித்துக்கொண்டு போனது. எங்கள் வீட்டில் அந்தப் பாலத்தின் ஒரு போட்டோ கூட இல்லை. வீடியோவில் காருக்குள்ளிருந்து கண்ணாடி வழியே எடுத்திருக்கிறார்கள், இருபது நொடிகூட இருக்காது. ஓடுகிற தண்ணீர் ஒவ்வொரு நொடியும் மாறுவதால் 1150 கிலோபிட்டுக்குள் அடங்காது. அலை முழுக்கக் கட்டம் கட்டமாக உடைகிறது. அசையாத தூரத்துத் தென்னைகள் மட்டும் ஓரளவு தெளிவு.

மைனி (அண்ணன் மனைவி) பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "தம்பி, ஒண்ணு நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். கைப்பிடிச் சுவரில் ஒரு ஆள் தூண்டிலோடு நிற்கிறார், முகம் மொத்தமே ஆறேழு புள்ளிதான். யாரென்று கண்டுபிடிக்க முடியாது. மைனி திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள், பிறகு இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். பின்னால் வந்தபோது கொஞ்சம் நன்றாகத் தெரிந்தது.