காரைக்குடியில் மாலைப் பலகாரம்: திண்ணைக் கடையா, மெஸ்ஸா, மாளிகை ஓட்டலா?

பொங்கல் கழிந்த அடுத்த வாரம் அக்கா குடும்பத்தோடு கோவையிலிருந்து வந்தாள். மூன்று நாள் தங்கல். பையை இறக்கி வைத்ததுமே, "செட்டிநாட்டுச் சாப்பாடுன்னா இங்கே எங்கேடா போறது?" என்று கேட்டாள். நான் காரைக்குடிக்கு மாற்றலாகி வந்து நான்கு வருடம் ஆகிறது. தனியாள், இரவுச் சாப்பாடு முழுக்க வெளியில்தான். அப்படியும் ஒரே இடத்தைச் சொல்ல வாய் வரவில்லை. மூன்று நாளும் மூன்று மாதிரி இடங்களுக்குக் கூட்டிப் போனேன். நான் தினமும் போகிற இடம் எது, ஏன் என்பது அந்த மூன்று நாளில்தான் எனக்கே தெளிவாயிற்று.

முதல் நாள் மதியம் மாளிகை ஓட்டல். காரைக்குடியில் 'பங்களா', கானாடுகாத்தானில் 'விசாலம்' என்று பழைய நகரத்தார் கட்டடங்களை அழியாமல் காத்து ஓட்டலாக நடத்தும் இடங்கள் இந்தப் பக்கம் சில உண்டு. அழகைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரையும் எல்லோரும் படத்தில் பார்த்தவைதான். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் வாழை இலை போட்டு வரிசையாகப் பரிமாறுவார்கள். நாங்கள் போன இடத்தில் கடைசியாக வந்த கவுனி அரிசியை அக்கா பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். கறுப்பு அரிசியை இரவே ஊறவைத்து, வேகவைத்து, சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்ப்பது. பர்மாவில் லேவாதேவி செய்த செட்டியார்கள் அங்கிருந்து கொண்டுவந்த அரிசி என்று ஊரில் சொல்வார்கள். ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. வருஷத்துக்கு ஒரு தடவை, விருந்தாளியோடு என்றால் தாராளமாகப் போகலாம். நான் அப்படிப்பட்ட இடத்தில் சாப்பிட்டது இரண்டே முறை, இரண்டும் மதியம். அதனால் அங்கே மாலைப் பலகாரமும் இரவுச் சாப்பாடும் எப்படி என்று நான் பேசக்கூடாது.

மறுநாள் மெஸ். எனக்கு மெஸ் பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதியம் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் போய் உட்கார்ந்தால் மீன் குழம்பு கொதி அடங்காமல் இலைக்கு வரும். தொண்டி, மீமிசல் கடல் அப்படியொன்றும் தூரமில்லை, மீனுக்குப் பஞ்சமில்லை. சுக்கா, நண்டு, மிளகு போட்ட கோழி எல்லாம் உண்டு. கல்பாசியும் மராட்டி மொக்கும் தாளிக்கிற வாசனை தெருமுனையிலேயே ஆளை இழுக்கும். சோறும் குழம்பும் ரசமும் கேட்கக் கேட்கப் போடுவார்கள்.

ஆனால் இரவில் அதே மெஸ் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. வந்த புதிதில், ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு மெஸ்ஸில் பரோட்டாவும் கோழிக் குழம்பும் வாங்கினேன். குழம்பு நன்றாகக் கொதித்துத்தான் வந்தது, ருசியிலும் குறை தெரியவில்லை. மறுநாள் முழுக்கப் படுக்கையில் கிடந்தேன். அது மதியக் குழம்பு என்று அங்கே வேலை பார்த்த பையனே பிற்பாடு சொன்னான். பட்டையும் சோம்பும் மிளகாயும் அரைத்து வைத்த குழம்பில் பழைய வாடை தெரியாது. மறுபடி மறுபடி சூடுபண்ணினால் மசாலா இன்னும் எடுப்பாகத்தான் இருக்கும். எல்லா மெஸ்ஸும் இப்படி என்று சொல்ல வரவில்லை. ராத்திரி நேரத்தில் எது இப்போது வைத்தது, எது மதியம் வைத்தது என்று சாப்பிடுகிறவனால் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் என் கஷ்டம்.

பேருந்து நிலையத்துப் பக்கம் சாயங்காலம் முளைக்கிற ஃபிரைடு ரைஸ் வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் சோற்றை முன்னதாகவே வடித்து ஆறவைத்துக்கொண்டு வருகிறார்கள், சூடான சோறு கல்லில் குழைந்துவிடும் என்பதால். வடித்த சோறு வெயில் ஊரில் மணிக்கணக்காக வெளியே இருந்தால் பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும். அதன் வித்து அரிசியை வேகவைக்கும்போது சாகாது. அந்தக் கிருமி சோற்றில் விடுகிற நஞ்சில் ஒரு வகை, பிறகு எத்தனை வேகமாகக் கிளறினாலும் போகாது. பிள்ளைகள் அடம்பிடித்தும் நான் வாங்கித் தரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், என் கடை. கடை என்றால் பெயர்ப்பலகை கிடையாது. பூட்டிக் கிடக்கிற ஒரு பெரிய வீட்டின் பக்கத்துச் சந்தில், சின்ன ஓட்டு வீட்டுத் திண்ணை. இரண்டு அடுப்பு, ஒரு இட்லிக் கொப்பரை, ஒரு சின்ன இருப்புச் சட்டி. நடத்துகிற அக்கா இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சி வீடுகளில் விசேஷச் சமையலுக்குப் போனவர். வெள்ளைப் பணியாரம், இடியாப்பம், இட்லி, சில நாள் மசாலா சீயம். அவ்வளவுதான். தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி, தேங்காய்ச் சட்னி, கத்தரிக்காயை மசித்துச் செய்கிற கோசமல்லி. ஐந்தரைக்கு அடுப்புப் பற்றும், எட்டரைக்குள் எல்லாம் தீர்ந்துவிடும்.

அந்தத் தீர்ந்துவிடுவதைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். ருசி, விலை, இடவசதி எல்லாம் எனக்கு அதற்கு அப்புறம்தான்.

கடைக்கார அக்கா வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, அதில் பாலும் பூவும்தான் இருக்கும். கடைப் பண்டம் எதுவும் அதற்குள் போவதில்லை. போகவும் முடியாது, ஏனென்றால் அவர் போடுகிற பண்டங்கள் அப்படி. வெள்ளைப் பணியாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேல் கோபுரமாக நிற்கிற அளவுக்கு உளுந்து போடுவார்கள். இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் மாதிரி ஆட்டி, உப்பும் கொஞ்சம் பாலும் சேர்த்து, புளிக்க விடாமல் எண்ணெய்ச் சட்டியில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி எடுக்க வேண்டும். இட்லி மாவு மாதிரி இதை நாளைக்கு என்று வைத்துக்கொள்ள வழியில்லை. புளித்தால் பணியாரம் எண்ணெய் குடித்துவிடும், நிறமும் போய்விடும். நேற்றைய மாவில் இன்று பணியாரம் சுட்டால் வாயில் வைக்க வேண்டாம், பார்த்தாலே தெரியும்.

எண்ணெயும் அப்படித்தான். பொரிக்கிற எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்வதால் சேருகிற கழிவுகள், 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. அந்தச் சதவீதத்தை அளக்கக் கருவி வேண்டும், சாப்பிடப் போகிற நம் கையில் அது இல்லை. வெள்ளைப் பணியாரத்துக்குக் கருவி தேவைப்படுவதில்லை. திரும்பத் திரும்பக் காய்ந்து கறுத்த எண்ணெயில் அது வெள்ளையாக வராது. ஓரம் லேசாகப் பொன்னிறமாகி நடுவில் முல்லைப்பூ மாதிரி இருந்தால் எண்ணெய் நல்ல எண்ணெய். இதே எண்ணெயில் ஒரு பஜ்ஜி போட்டால் மஞ்சளும் மிளகாய்த் தூளும் எல்லாவற்றையும் மூடிவிடும்.

தேங்காய்ச் சட்னி இந்த ஊர் வெயிலில் ராத்திரி தாண்டாது. இடியாப்பம் ஆறினால் நூல் நூலாகக் காய்ந்துவிடும். ஆக, அந்தத் திண்ணையில் இருக்கிற எதையும் மறுநாளைக்குத் தள்ள முடியாது. அதனால் அவர் அளவாகத்தான் போடுகிறார். "ரெண்டு படி கூடப் போட்டா இன்னும் வித்திரும்தானேக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "மழை வந்தா யாரு திம்பா தம்பி? மிஞ்சினதை எம் பிள்ளைக்குக் குடுக்க மாட்டேன், ஊருக்கு எப்படிக் குடுக்குறது?" என்றார். சட்டியில் மீந்த எண்ணெயை என்ன செய்கிறார் என்றும் கேட்டேன். மறுநாள் சட்னி தாளிக்க என்றார். அது கால் கரண்டிகூட இராது, நானே பார்த்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. உட்கார இடம் கிடையாது, திண்ணை ஓரத்தில் மூன்று பேர் ஒட்டிக்கொள்ளலாம், மற்றவர்கள் நின்றபடிதான். கை கழுவ ஒரு வாளித் தண்ணீர். குடிக்கத் தண்ணீர் நான் வீட்டிலிருந்து கொண்டுபோகிறேன். ஐப்பசி மழையில் வாரத்தில் இரண்டு நாள் அடுப்பே பற்றாது. கறி, மீன் கிடையாது. செட்டிநாடு என்றாலே கோழி மிளகு என்று நினைத்து வந்த என் அத்தானுக்கு முதலில் முகம் சுருங்கியது. எட்டுப் பணியாரம் தின்ற பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டும் முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

கறிதான் வேண்டும் என்றால் மதியம் மெஸ்ஸுக்குப் போங்கள், கூட்டம் அதிகமான நேரமாகப் பார்த்துப் போங்கள். கூட்டத்தில் குழம்பு தங்காது. முழங்கால் வலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள் என்றால் மாளிகை ஓட்டலோ விசிறி ஓடுகிற மெஸ்ஸோதான் சௌகரியம். மற்றபடி மாலை ஆறு மணிக்கு மேல் என்றால் நான் திண்ணைக் கடையைத்தான் சொல்வேன்.

தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் இந்த மாதிரிச் சின்னக் கடைகளில் ஓரிரு முறை சாப்பிட்டிருக்கிறேன், நன்றாகவே இருந்தன. ஆனால் நான்கு வருடம் பார்த்த கடை இது ஒன்றுதான், அதை வைத்து எல்லாத் திண்ணைக்கும் சான்றிதழ் தர முடியாது. புது இடத்தில் நான் ஒரு கேள்வி கேட்பேன்: "எத்தனை மணிக்குத் தீரும்?" சிலர் யோசிக்காமல் ஏழே முக்கால், எட்டு என்று சொல்வார்கள். சிலர், "எப்ப வேணாலும் வாங்க சார், இருக்கும்" என்பார்கள். முதல் வகைக் கடைக்குத்தான் மறுபடியும் போவேன்.

அக்கா ஊருக்குக் கிளம்பும்போது பணியாரம் பார்சல் கேட்டாள். பொட்டலத்தில் வியர்த்துத் தொளதொளவென்று ஆகிவிடும், ரயிலில் பிரித்தால் ஏமாந்துபோவாள். வரமிளகாய்ச் சட்னியை மட்டும் ஒரு டப்பாவில் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அம்மா வருகிறார்கள். நிற்க முடியாது அவர்களால். சொல்லி வைத்ததில், "ஆறு மணிக்கே கூட்டிட்டு வா தம்பி, உள்ளேருந்து நாற்காலி எடுத்துப் போடுறேன்" என்றிருக்கிறார் கடைக்கார அக்கா. ஆறு என்றால் ஆறுக்கே போக வேண்டும். வெள்ளைப் பணியாரம்தான் முதலில் தீரும்.