வெள்ளவத்தைப் படியிலிருந்து ரப்பர் தோட்டம் வரை: கிரவல் பைக் நீண்டகால அனுபவம்

2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் கொழும்பில் சைக்கிள் வாங்கியவர்கள் ஏராளம். டாம் ஸ்ட்ரீட் கடைகளில் போய்க் கேட்டால், என்ன மாடல் என்பதைவிடச் சைக்கிள் இருக்கிறதா என்பதுதான் கேள்வியாக இருந்தது. பிறகு எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தது, பெட்ரோல் கிடைத்தது, பல சைக்கிள்கள் பல்கனிக்குப் போய்விட்டன. அந்த நேரத்தில் நான் எடுத்த கிரவல் பைக், அதாவது தார் வீதியிலும் மண் பாதையிலும் ஓடக்கூடிய சைக்கிள், மட்டும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் ஒன்றே ஒன்று: இதை எந்த வாகனத்திலும் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் படியிறக்கி ஏறி மிதித்தால், வெயில் ஏறுவதற்குள் ரப்பர் மரங்களுக்கு நடுவில் நிற்கலாம். மவுண்டன் பைக் என்றால் அங்கே போய்ச் சேரும் தார் வீதியிலேயே பாதிப் பலம் போய்விடும். ரேஸிங் சைக்கிள் என்றால் தார் முடிகிற இடத்தில் திரும்பி வர வேண்டியதுதான். இரண்டையும் ஒரே காலையில் செய்ய வேண்டுமென்றால் இந்த வகைதான் சரி என்று இத்தனை வருடம் ஓட்டிய பிறகு உறுதியாகச் சொல்வேன்.

என்னுடையது அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க். ஷிமானோ ஜிஆர்எக்ஸ் 400 கியர். முன்னால் 46, 30 பல், பின்னால் 11 முதல் 34 பல் வரை பத்துத் தட்டு. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். ஃபிரேமின் பிராண்டைச் சொல்லவில்லை, ஏனென்றால் இந்த விலையில் வரும் ஃபிரேம்களுக்குள் ஓட்டத்தில் தெரியும் வித்தியாசம் மிகக் குறைவு. கியரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாதுக்கைக்கு அப்பால் தோட்டப் பாதைகள் பல இப்போது கொங்கிரீட் போட்டிருக்கிறார்கள். தார் வீதி போல வளைந்து வளைந்து ஏறாமல் அவை நேரே மேட்டில் ஏறும். முன்னால் 30, பின்னால் 34 என்று போட்டால் பெடலை ஒரு சுற்று மிதிக்கச் சில்லு ஒரு சுற்றுக்கும் குறைவாகத்தான் சுற்றும். அந்த மேடுகளில் அது இல்லாவிட்டால் இறங்கி உருட்ட வேண்டும். இறங்கும்போது கவனம்: மர நிழலில் பாசி பிடித்த கொங்கிரீட் சேற்றைவிட மோசம். சேற்றில் சைக்கிள் வழுக்கப் போவது முன்கூட்டியே தெரியும், பாசியில் தெரியாது.

என் வழக்கமான வழி ஹைலெவல் வீதி. நாலரைக்குப் புறப்பட்டால் நுகேகொட, மஹரகம எல்லாம் பஸ் நெரிசல் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். ஹோமாகம தாண்டி பாதுக்கைக்குள் திரும்பினால் களனிவெளி ரயில் பாதை பக்கத்தில் வருவதும் மறைவதுமாக இருக்கும். அந்தப் பாதை முதலில் இரண்டரை அடி அகலக் குறுகிய தண்டவாளம். 1990களில்தான் அவிசாவளை வரை அகலப்படுத்தினார்கள். அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரிப் பக்கம் போன பகுதி 1970களில் மூடப்பட்டு, பழைய ரயில் மேடு சில இடங்களில் ஊர்ப் பாதையாகிவிட்டது. ரயில் ஏறிய பாதை என்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். தோட்டத்து மேடுகளுக்குப் பழகும் முன் அங்கே ஓட்டிப் பார்ப்பது நல்லது.

வக, லபுகம பக்கம் போனால் காற்றே மாறிவிடும். லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் கொழும்புக்குக் குடிதண்ணீர் வருகிறது; அந்த நீரேந்து பகுதிக் காட்டை அதற்காகவே காத்து வைத்திருக்கிறார்கள். அதனால் காட்டுக்குள் ஓட்டுவதைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைய முடியாது. சைக்கிளில் போவதால் சட்டம் தளராது, தளரவும் கூடாது. ஈர மண்ணில் டயர் போட்ட தடம் அடுத்த மழையில் சிறு வாய்க்காலாகிவிடும். காட்டு ஓரமாகப் போகும் ஊர்ப் பாதையும் தோட்டப் பாதையும் தாராளமாக இருக்கின்றன. தோட்டப் பாதை என்றாலும் வாசலில் காவலாளி இருந்தால் நிறுத்திக் கேட்டுவிட்டுத்தான் போவேன். ஒரு புன்னகையோடு கேட்டால் பெரும்பாலும் கையை அசைத்து விடுவார்கள்.

இப்போது டயர். இந்த வகைச் சைக்கிள் பிரபலமானது அமெரிக்காவின் கன்சாஸ் போன்ற இடங்களில். எம்போரியா என்ற சிறிய நகரத்தில் 2006இல் தொடங்கிய போட்டி இன்று அன்பவுண்ட் கிரவல் என்ற பெயரில் 200 மைல் தூரத்துக்கு நடக்கிறது. 2022இல் இத்தாலியில் முதலாவது உலக சம்பியன்ஷிப்பும் நடந்தது. எம்போரியாவைச் சுற்றி இருப்பது கூரான கல். அங்கே டயரின் பக்கம் கிழியாமல் இருப்பதுதான் பெரிய கவலை, அதனால் அங்கத்தைய டயர் விமர்சனங்களும் அதைத்தான் பேசும். நமக்கு வேண்டியது வேறு. நம்முடையது மழை குடித்த செம்மண், கபுக் கல், அதன்மேல் அழுகிய ரப்பர் இலை. சைக்கிளோடு வந்த 38 மில்லிமீட்டர் டயரில் நெருக்கமான சிறு கோடுகள்தான். தாரில் அருமையாக ஓடியது. ஈரச் செம்மண்ணில் இரண்டு சுற்றிலேயே கோடுகள் அடைபட்டு வழவழவென்று ஆகிவிட்டது. இப்போது போட்டிருப்பது 42; நடுவில் நெருக்கம், ஓரத்தில் இடைவெளி விட்ட பற்கள். தாரில் கொஞ்சம் இழுக்கிறது என்பது உண்மை. முன்சில்லில் 32, பின்சில்லில் 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்தால் எனக்கு இரண்டு தரையிலும் சமாளிக்கக்கூடியதாக இருக்கிறது.

உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் போடலாமா என்று கேட்பவர்களுக்கு, போடுங்கள் என்றுதான் சொல்வேன். பாதுக்கைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பின்சில்லில் சிரட்டைத் துண்டு ஒன்று குத்திவிட்டது. ரப்பர் பால் பிடிக்க மரத்தில் கட்டும் சிரட்டைகள் உடைந்து பாதையில் கிடப்பது வழக்கம். துண்டைப் பிடுங்கியதும், ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றியிருந்த சீலன்ட் வெள்ளையாகப் பீய்ச்சியது. பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா வாளியோடு கிட்ட வந்து பார்த்தார். “என்ன தம்பி, டயருக்குள்ள பால் ஊத்தி வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். மட்காட்டில் தெறித்திருந்த துளியை விரலில் தொட்டு உருட்டினார், முகர்ந்தார். “இது நம்ம பால்தான். அமோனியா கூடப் போட்டிருக்கு” என்றார். சரியாகத்தான் சொன்னார். பல சீலன்டுகள் இயற்கை ரப்பர் பாலில் செய்யப்படுபவை. டயருக்குள் முன்கூட்டியே உறையாமல் இருக்க அமோனியா சேர்த்திருப்பார்கள். தோட்டத்திலும் தொழிற்சாலைக்குப் போகும்வரை பால் உறையாமல் இருக்க அதைத்தான் சேர்க்கிறார்கள். நான் பம்ப்பை எடுக்கப் போக, “பொறுங்க தம்பி, ஓட்டை கீழ பாக்குற மாதிரி திருப்பி வைங்க. பால் அங்க சேந்து தானா உறையும்” என்றார். அப்படியே செய்தேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது, காற்றடித்துக்கொண்டு வீடுவரை வந்தேன்.

நம்முடைய வெக்கையில் சீலன்ட் வேகமாகக் காயும். ஒரு டயருக்கு 60 மில்லி அளவில் ஊற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வால்வு வழியாகக் குச்சி விட்டுப் பார்த்து மறுபடி நிரப்புகிறேன். அதைக் கவனிக்காமல் விட்டால் உள்ளே ஒட்டுப்பால் மாதிரி ஒரு கட்டிதான் மிஞ்சும், அது எந்த ஓட்டையையும் அடைக்காது.

அந்த அக்காவிடம் பேசியதில் இன்னொரு பயனும் கிடைத்தது. பால் வெட்டுவது விடியற்காலையில், வெக்கை ஏறும் முன். அப்போதுதான் பால் நன்றாக ஓடும். மரம் நனைந்திருந்தால் வெட்ட மாட்டார்கள். ஆகவே ஒரு தோட்டத்துக்குள் நுழையும்போது ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தால் அன்று பாதையும் பெரும்பாலும் ஓட்டக்கூடியதாக இருக்கும். ஒருவரையும் காணவில்லை என்றால் நான் பெரிய வீதியிலேயே போய்விடுவேன். எந்த வானிலைச் செயலியையும்விட இது எனக்குச் சரியாக வருகிறது.

மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில்தான் செலவு தெரியும். செம்மண் சேறு நைசான உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். சாதாரண ரெசின் பிரேக் பேட் ஒரே மழைக்காலத்தில் இரும்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. இப்போது உலோகத் துகள் சேர்த்த பேட் போடுகிறேன். சத்தம் போடும், ஆனால் நிற்கும், நீடிக்கும். செயினுக்கு மழைக்காலத்தில் கெட்டியான எண்ணெய், ஜனவரி முதல் மார்ச் வரை மெழுகு. செயின் நீண்டிருக்கிறதா என்று பார்க்கும் அளவுகோல் ஒன்றைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். நீண்ட செயினோடு ஓட்டினால் அது பல் தட்டுகளையும் சேர்த்துத் தின்றுவிடும், பிறகு மூன்று மடங்கு செலவு.

கழுவுவதற்குச் சர்விஸ் ஸ்டேஷன் பக்கம் போகவே வேண்டாம். அந்த அழுத்தத் தண்ணீர் பெயரிங் சீல்களைத் தாண்டி உள்ளே போய்விடும்; பெடல் அச்சுப் பெயரிங் கறகறக்கத் தொடங்கினால் அநேகமாக அதுதான் காரணம். பிளாட்டின் கார் பார்க் குழாயில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய பிரஷும் போதும். வீடு வந்ததும், குளிக்கும் முன் கழுவிவிட வேண்டும். செம்மண் காய்ந்த பிறகு கழுவுவது இரட்டை வேலை. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, உப்புக் காற்று. அலுமினியம் தாங்கும், ஆணிகள் தாங்கா. என்னுடையதில் தண்ணீர்ப் போத்தல் ஆணிகளும் சீட் ஆணியும் துருப்பிடித்து, எவர்சில்வர் ஆணியாக மாற்றி கிரீஸ் பூசிப் போட்டிருக்கிறேன்.

முழுக் காலையும் இல்லாத நாட்களுக்கு ஹெந்தலப் பக்கம் ஹமில்டன் கால்வாய் ஓரம் இருக்கிறது. 1800களின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் வெட்டிய கால்வாய். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முத்துராஜவெல சதுப்பு. சமதரை என்பதால் புதிதாக ஓட்டுபவர்களை அங்கேதான் கூட்டிப்போவேன். தலங்கம வாவி ஓரமும் அப்படித்தான், அங்கே பறவை பார்க்க வருபவர்களுக்கு வழி விட்டு மெதுவாகப் போக வேண்டும்.

நாய்களைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. வேகமாக மிதித்துத் தப்பப் பார்ப்பதைவிட, இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அட்டைக்கு, மழைக்காலத்தில் நீளக் காலுறையும் கொஞ்சம் உப்பும்.

புதிது இப்போதைய விலையில் எல்லோருக்கும் எட்டாது. செகண்ட் ஹாண்ட் பார்ப்பவர்கள் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் சேறு விழுந்து போக இடம் இருக்கிறதா, 40 மில்லிமீட்டராவது போடலாமா என்பது முதலாவது. அடுத்தது, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில் பெயரிங்கில் ஆட்டம் தெரிகிறதா. கடைசியாக, செயினைக் கழற்றிவிட்டுப் பெடலைச் சுற்றினால் மெதுவாக, சத்தமில்லாமல் சுற்றுகிறதா. இவை சரியாக இருந்தால், பெயின்ட் கீறல்களைக் காட்டி விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டு எடுத்துவிடலாம். மிச்சப்படும் காசில் முதலில் நல்ல டயர் இரண்டு வாங்குங்கள்.