வீட்டுக்கே வந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

6,400 ரூபா போச்சு. எந்த வார்னிங்குக்காகக் கூப்பிட்டேனோ அது மட்டும் அதுக்கப்புறமும் அப்படியே வந்துச்சு. வயிறு எரியுது. நடந்ததைச் சொல்லிட்டு, நீங்க என்ன பண்ணணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

நான் வீட்டுல இருந்தே மூணு கடைக்குக் கணக்கு எழுதறேன். டேலியும் குரோம்ல ஜிஎஸ்டி சைட்டும் சேர்த்துத் திறந்தா, மெமரி குறைவா இருக்கு, ஃபைலை சேவ் பண்ணிட்டு புரோகிராமை மூடுங்கன்னு ஒரு பெட்டி வரும். கண்டுக்காம விட்டா குரோம் தானா மூடிக்கும். 20-ஆம் தேதி ரிட்டன் கெடு வேற. பிளம்பர்ல இருந்து ஏசி மெக்கானிக் வரைக்கும் வீட்டுக்கு அனுப்பற ஒரு ஆப்ல புக் பண்ணினேன். பேர் போடலை, அவங்க என் மேலயே கேஸ் போடுவாங்க.

வந்த பையன் அவ்வளவு மரியாதை. செருப்பை வெளியவே விட்டான், வாய்க்கு வாய் அக்கா. டாஸ்க் மேனேஜர்னு மெஷின் நிலவரம் காட்டற விண்டோஸ் பக்கத்தைத் திறந்து மெமரி (ராம்ங்கறது இதுதான்) 84 சதவீதம்னு இருந்ததை விரலால தொட்டுக் காமிச்சு, "ராம் பத்தலைக்கா, இருக்கறதும் வீக் ஆயிடுச்சு. உங்க கணக்கெல்லாம் இதுலதானே இருக்கு?"ன்னான். கெடு நேரத்துல அப்படிக் கேட்டா யாருக்குத்தான் பகீர்னு இருக்காது? கூட ஒரு 8 ஜிபி போட்டா 16 ஆயிடும்னான். சரின்னேன். தூசி ஊதணும்னு சொல்லி கேபினெட்டைக் கழட்டி பால்கனிக்குத் தூக்கிட்டுப் போனான். திரும்பி வர்றப்ப மூடி மாட்டி, ஸ்க்ரூ முடுக்கி, எல்லாம் ரெடி.

ராம் 5,200, ஆன்டிவைரஸ் 700, விசிட் 500. "ஓடிபி சொல்லுங்கக்கா, அப்பதான் வாரண்டி ஆக்டிவேட் ஆகும்." சொன்னேன். அது வாரண்டிக்கு இல்ல, வேலை திருப்தியா முடிஞ்சதுன்னு நான் கையெழுத்துப் போட்ட மாதிரியாம். இது அப்புறம் தெரிஞ்ச விஷயம்.

ரெண்டு நாள் கழிச்சு ரிட்டன் போட உக்காந்தா அதே பெட்டி! சித்தப்பா பையன் போன்லயே டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்தைப் பார்க்கச் சொன்னான். மொத்தம் 8 ஜிபி. ராம் சொருகற ரெண்டு ஸ்லாட்டும் நிரம்பியிருக்கு. கம்ப்யூட்டர் வாங்கின பில்லுல ஒத்தை 8 ஜிபின்னு தெளிவா இருக்கு. அதை உருவிட்டு ரெண்டு 4 ஜிபி சொருகிட்டுப் போயிருக்கான். என் ராமையும் எடுத்துக்கிட்டு என்கிட்டயே 6,400 ரூபா!

அவனுக்கு போன் போட்டா "வண்டி ஓட்டிட்டிருக்கேன்க்கா". மறுநாளும் வண்டிதான். ஆப்ல சாட் பண்ணினா "உங்கள் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்"னு ஒரு மெஷின். கெஞ்சி மனுஷங்களைப் பிடிச்சா, "ஓடிபி கொடுத்திருக்கீங்களே மேடம், கஸ்டமர் சாட்டிஸ்ஃபைடுன்னு வருதே". ஆப் கொடுத்த பில்லுல "ஸ்பேர் பார்ட் 1" அவ்வளவுதான், கம்பெனி இல்ல, சீரியல் நம்பர் இல்ல. சாயங்காலம் புகாரையே மூடிட்டு, எங்க சேவைக்கு எத்தனை ஸ்டார்னு கேட்டு மெசேஜ் வருது.

இத்தனைக்கும் கோளாறு ராம்லயே இல்ல. ராம் நிரம்பினா விண்டோஸ் டிஸ்க்ல பேஜ் ஃபைல்னு கொஞ்சம் இடத்தை மெமரி கணக்குல சேர்த்துக்கும். ராமும் அதுவும் சேர்ந்ததுதான் மொத்த வரம்பு. அந்த வரம்பை முட்டறப்பதான் இந்த வார்னிங். என் மெஷின்ல முன்ன எஸ்எஸ்டி டிஸ்க் போட்டவங்க யாரோ இடம் மிச்சம் பண்ண பேஜ் ஃபைலை 1024 எம்பி, அதாவது 1 ஜிபின்னு கட்டிப் போட்டிருக்காங்க. டாஸ்க் மேனேஜர்ல அதே மெமரி பக்கத்துல கமிட்டெட்னு ஒரு இடத்துல 8.6/8.9 ஜிபி, அதாவது 8.9 வரம்புல 8.6 போயாச்சு. 84 சதவீதத்தைக் காமிச்சவன் இதைக் காமிக்கலை பாருங்க. அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், அதுல பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், திரும்ப அட்வான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரி சேஞ்ச். உள்ள போய் ஆட்டோமேட்டிக்கா பார்த்துக்கோன்னு முதல்ல இருக்கற பெட்டியில டிக் அடிச்சு ரீஸ்டார்ட் பண்ணினதும் வார்னிங் நின்னுது. செலவு பைசா இல்ல.

1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல புகார் கொடுத்திருக்கேன். விவரமா எழுதறேன்னேன், ரிட்டன் இன்னும் பாதியில நிக்குது, அதனால சுருக்கமா. சி டிரைவ்ல இடம் காலியா வெச்சுக்கோங்க, நிரம்பிட்டா பேஜ் ஃபைல் வளர இடமில்லாம இதே வார்னிங் வரும். ராம் பழுதானா பெரும்பாலும் ப்ளூ ஸ்கிரீன், ஹேங் இப்படித்தான் படுத்தும், இந்தப் பெட்டியைப் பார்த்து ராம் போச்சுன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. கேபினெட் கழட்டினதும் ராம் ஸ்டிக்கரை போட்டோ எடுங்க, கண்ணு மறைவா தூக்கிட்டுப் போக விடாதீங்க. டாஸ்க் மேனேஜர்ல எத்தனை ஜிபின்னு நீங்களே பார்க்காம ஓடிபி சொல்லாதீங்க, எவ்வளவு அக்கா போட்டாலும் சரி.