பத்து மீட்டர் ஏர் பிஸ்டல்: விலை குறைந்த இறக்குமதிகள் எதுவரை தாங்கும்?

துப்பாக்கிச் சுடும் சங்கத்தின் பொதுத் துப்பாக்கியில் சில மாதங்கள் பழகிய ஒருவர், பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டிக்கென்று சொந்தமாக ஒன்று வாங்க விசாரிக்கும்போது, காதில் விழுபவை பெரும்பாலும் வெளிநாட்டுப் பெயர்களே: ஆஸ்திரியாவின் ஸ்டெயர், சுவிட்சர்லாந்தின் மொரீனி, இத்தாலியின் பர்தீனி, ஜெர்மனியின் வால்தர். இறக்குமதிச் செலவும் வரியும் சேர்ந்த பிறகு இவற்றின் விலை நடுத்தரக் குடும்பத்தைத் தயங்க வைக்கும். எனவே மலிவான பக்கத்திலிருந்து இரண்டை, அதாவது ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் உருவான பைக்கால் ஐ.இஸட்.எச்.-46எம் என்பதையும், ஹேமர்லி ஏ.பி.20 என்பதையும் எடுத்துக்கொண்டு, அவற்றை ஸ்டெயர் எல்.பி.10 என்ற உயர்தரக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரை. ஸ்டெயரின் விலையில் ஹேமர்லி ஏறக்குறைய பாதி. பைக்கால் அதற்கும் கீழே.

துல்லியத்தை முதலில் பேசி முடித்துவிடலாம், ஏனெனில் வாங்குபவர் அதிகம் கவலைப்படுவதும் உண்மையில் குறைவாகக் கவலைப்பட வேண்டியதும் அதுதான். இலக்குத் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; சுடும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மி.மீ.; குண்டின் விளிம்பு வட்டத்தைத் தொட்டாலே புள்ளி கிடைத்துவிடும். நல்ல நிலையில் உள்ள இந்த மூன்று பிஸ்டல்களில் எதை மணல்மூட்டை மீது தாங்கலாக வைத்துச் சுட்டாலும், துப்பாக்கிக்குப் பொருந்தும் குண்டு கிடைத்துவிட்டால், ஐந்து குண்டுகளும் ஏறத்தாழ ஒரே துளையில் இறங்கும். 4.49, 4.50 என்று தலை அளவு மாறும் குண்டுகளில் எது பொருந்துகிறது என்று சோதிப்பது, துப்பாக்கியை மாற்றுவதைவிட மலிவான வேலை. குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 350 மி.மீ. தொலைவு இருக்கையில், முன்குறி பின்குறியின் பிளவில் ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால் பத்து மீட்டரில் அது ஏறக்குறைய 29 மி.மீ. பிழையாகப் பெருகி, பத்து கிடைக்க வேண்டிய இடத்தில் ஏழு கிடைக்கும். அந்த ஒரு மில்லிமீட்டர் குழலின் குற்றமாக இருப்பதில்லை. கைப்பிடியை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பற்றாததாலும், விசையை (ட்ரிகரை) இழுக்கையில் மணிக்கட்டு அசைவதாலும் வருவது அது. எனவே, பிடியும் விசையும் எவ்வளவு ஒழுங்காக ஒத்துழைக்கின்றன என்பதே ஒப்பீட்டின் மையமாக இருக்க வேண்டும்.

பைக்காலின் அமைப்பு தனி வகையானது. அதில் காற்று நிரப்பிய சிலிண்டர் கிடையாது. குழலுக்கு அடியில் உள்ள நீண்ட நெம்புகோலை முன்னோக்கி விரித்து மீண்டும் மூடும்போது, அந்த ஒரே அசைவில் ஒரு சுடுதலுக்குத் தேவையான காற்று அழுத்தப்படுகிறது. அழுத்தச் சீராக்கி எதுவும் இல்லாமலேயே ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் கிடைப்பதால், குண்டின் வேகம் வியக்கத்தக்க அளவுக்குச் சீராக இருக்கிறது. கம்ப்ரசரோ ஸ்கூபா உருளையோ கைப்பம்போ தேடி அலைய வேண்டியதில்லை. உள்ளே தேயும் ரப்பர் வளையங்களை மாற்றுவதும் பெரிய செலவில்லை. விசையின் எடை, முதற்கட்ட இழுப்பு (விசை விடுபடும் முன் விரல் கடக்கும் தூரம்), இருப்பிடம் ஆகிய அனைத்தையும் திருத்திக்கொள்ளலாம். நெம்புகோலைத் தொடாமல் குண்டறையை மட்டும் திறந்து மூடினால் விசை தயாராகிவிடும் என்பதால், வீட்டுச் சுவரைப் பார்த்து வெறும் விசைப் பயிற்சி செய்வதற்கும் அது ஏற்றது. இந்த விலையில் இவ்வளவு தரும் போட்டித் துப்பாக்கி வேறொன்றை நான் கண்டதில்லை.

ஆயினும் குறை அதே நெம்புகோலில்தான் இருக்கிறது. சிலிண்டர் வகைத் துப்பாக்கியில் வலக்கை கைப்பிடியிலேயே இருக்க, இடக்கையால் குண்டைப் போட்டு மூடிவிடலாம். விரல்கள் அமர்ந்த இடம் கலையாது. பைக்காலில் நெம்புகோலை மூடும்போது எழும் எதிர்விசையைத் தாங்கவே வலக்கையின் பிடி மாறிவிடுகிறது, அல்லது முழுவதுமாக விலகிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு குண்டுக்கும் பிடியைப் புதிதாக அமைக்க வேண்டியிருக்கிறது. மின்னணு இலக்குகளில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம், அதாவது ஒன்றுக்குச் சராசரியாக 75 நொடி என்பதால் நேரம் போதாமல் போவதில்லை. ஆனால் முதல் இருபது குண்டுகளில் ஒழுங்காக அமைந்த பிடி நாற்பதாவது குண்டுக்குப் பிறகு சற்றே திரும்பி அமர்வதையும், குண்டுகள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்குவதையும் தாளிலேயே பார்க்கலாம். சுமார் 1.3 கிலோ எடையும், அந்த எடை முன்பக்கம் கூடியிருப்பதும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. முன்பாரம் குறியை நிலைப்படுத்தும் என்பது உண்மைதான். தோள் வலுவுள்ள பெரியவர்களுக்கு அது வரமாகக்கூட அமையும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் கை தாழ்வதை ஈடுகட்ட அவர்கள் முதுகை வளைத்து நிற்கப் பழகிவிடுவார்கள், அந்தப் பழக்கத்தைப் பின்னால் மாற்றுவது கடினம். பெரிதாகச் செதுக்கப்பட்ட மரக் கைப்பிடியை அரத்தால் ராவி, மரப்பசை வைத்து, நம் கைக்கு ஏற்பத் திருத்தும் வேலையும் இருக்கிறது. அதைச் செய்யத் தயாராக இல்லாதவர் பைக்காலை வாங்காமலிருப்பதே நல்லது.

ஹேமர்லி சுவிட்சர்லாந்தின் பழம்பெரும் பெயர் என்றாலும், இப்போது ஜெர்மனியின் ஊமாரெக்ஸ் குழுமத்துக்குச் சொந்தமானது. ஏ.பி.20 சிலிண்டர் வகை. ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. இளையோரை மனதில் வைத்து உருவாக்கப்பட்டது என்பது கையில் எடுத்தவுடன் தெரியும். எல்லாக் கைக்கும் பொதுவான அதன் கைப்பிடி, பலர் மாறிமாறிப் பயன்படுத்தும் சங்கத்துக்கு நன்மை, சொந்தமாக வாங்குபவருக்குக் குறை, ஏனெனில் உள்ளங்கையை நிறைத்து இறுக்கமாகப் பொருந்தாத பிடியில் மணிக்கட்டு ஒவ்வொரு முறையும் சிறிது வேறு கோணத்தில் நிற்கும். தனியே செதுக்கிய கைப்பிடி ஒன்றை வாங்கிப் பொருத்தினால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டித்தான் கணக்கிட வேண்டும். விசை திருத்தத்தக்கது, நம்பத்தக்கது. விடுபடும் கணம் மட்டும் ஸ்டெயரைப் போலக் கூர்மையாக இல்லை.

ஸ்டெயர் எல்.பி.10-இல் கூடுதல் பணத்துக்குக் கிடைப்பவை மூன்று. ஒன்று, கை அளவுக்கேற்பத் தேர்ந்தெடுக்கக்கூடிய கைப்பிடி. இரண்டு, முதற்கட்டம் முடியும் இடம் விரலுக்குத் தெளிவாகத் தெரிகிற, அதன்பின் இழுவை உணர்வின்றி விடுபடுகிற விசை. மூன்று, குண்டு கிளம்பும்போது எழும் சிறு உதறலை விழுங்கிவிடும் உள் எடை. மூன்றாவதைப் பற்றித்தான் விற்பவர்கள் அதிகம் பேசுவார்கள், தொடக்கநிலையாளருக்கு மிகக் குறைவாகப் பயன்படுவதும் அதுவே. அந்த உள் எடை இல்லாமல் அதே நிறுவனம் செய்த எல்.பி.2 மலிவு, கிடைத்தால் அதையே பரிந்துரைப்பேன்.

சுடுதளத்தில் சோதிக்கும்போது கறுப்பு வட்டமுள்ள தாளை முதலில் மாட்டாமல், வெற்றுத் தாளின் முன் நின்று பத்துக் குண்டுகள் சுட்டுப் பார்ப்பது பயன்தரும். குறிபார்க்க இலக்கு இல்லாதபோது கண் முன்குறியிலேயே தங்குவதால், துப்பாக்கியின் பிடியும் விசையும் எவ்வளவு ஒத்துழைக்கின்றன என்பது குண்டுகளின் பரவலில் வெளிப்படும். விசையின் எடையையும் அங்கேயே அளந்துவிட வேண்டும்: குழல் செங்குத்தாக நிற்க, விசையில் தொங்கும் 500 கிராம் எடைக்கல்லை அது தாங்க வேண்டும் என்பது சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்.-இன் விதி. விளிம்பில் நிற்காமல் சில கிராம் கூட்டி வைத்துக்கொள்வதே விவேகம். பழைய விசைகள் இந்தச் சோதனையில் தவறுவதுண்டு.

பழையதாக வாங்குபவர்கள் சிலிண்டரில் பொறித்துள்ள தேதியைப் பார்க்கத் தவறக் கூடாது. உற்பத்தியாளர் குறித்த காலம், பெரும்பாலும் பத்து ஆண்டுகள், கடந்துவிட்டால் போட்டிகளில் அந்தச் சிலிண்டருக்கு அனுமதியில்லை. மலிவாகக் கிடைத்த பழைய ஸ்டெயருக்குப் புதுச் சிலிண்டர் வாங்கும்போதுதான் அதன் உண்மையான விலை தெரியவரும். விமானப் பயணத்தில் சிலிண்டரைக் காலிசெய்தே கொண்டுபோக வேண்டும் என்பதால், போய்ச் சேரும் ஊரில் காற்று நிரப்ப வழியிருக்கிறதா என்றும் கேட்டுவைக்க வேண்டும். பைக்கால்காரருக்கு இந்த இரண்டு தலைவலியும் இல்லை.

விலை உயர்ந்தது பழுதாகாது என்ற எண்ணமும் சரியன்று. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், மனு பாகரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, பல நிமிடங்களை இழந்த அவர் 575 புள்ளிகளுடன் 12-ஆம் இடத்தில் முடித்தார். உலகின் முன்னணி வீராங்கனைக்கே அது நேர்ந்ததென்றால், உதிரிபாகமும் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் நம் ஊரில் எந்தப் பெயருக்குக் கிடைக்கிறார்கள் என்பதை வாங்கும் முன்பே விசாரிப்பது அவசியம். இந்த விஷயத்தில் பைக்கால் நன்றாகப் பின்தங்குகிறது: அமைப்பு எளிது என்றாலும் உதிரிபாகம் கிடைப்பது அரிது.

என் தெரிவு இதுதான். வாரம் ஒன்றிரண்டு நாள் மட்டும் சுடுகிற, தோள் வலுவுள்ள, அரம் பிடிக்கத் தயங்காத பெரியவருக்கு, வளையங்கள் நல்ல நிலையில் உள்ள பைக்கால் போதும். மாவட்ட, மாநிலப் போட்டிகளை நோக்கும் பதின்வயதினருக்கு ஹேமர்லியும் ஒரு செதுக்கிய கைப்பிடியும் சேர்த்து வாங்கலாம். 60 குண்டுகளில் 550 புள்ளிகளைத் தொடர்ந்து தாண்டத் தொடங்கியவர் மட்டும், சிலிண்டர் தேதி மிச்சமுள்ள எல்.பி.10 ஒன்றைத் தேடட்டும். அதற்குக் கீழே இருப்பவர் அந்தப் பணத்தைக் குண்டுகளிலும் பயிற்சிக் கட்டணத்திலும் செலவிட்டால் புள்ளிகள் விரைவாக ஏறும்.